பெரிய எண் போட்டால் வேகம் வருமா?

கோவை மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஜிசிசி கம்பைலரில் -ஓ3 இருக்கும்போது லினக்ஸ் கர்னலை ஏன் -ஓ2வில் கட்டுகிறார்கள்?”

-ஓவுக்குப் பின் வரும் எண், புரோகிராமை வேகமாக்கக் கம்பைலர் எவ்வளவு முயல வேண்டும் என்று சொல்வது. ஆனால் எண் கூடினால் வேகமும் கூடும் என்று யாரும் உறுதி தரவில்லை. -ஓ3, ஃபங்ஷன்களை அழைக்கும் இடத்திலேயே இன்னும் தாராளமாக விரித்து எழுதும். லூப்களையும் பலவிதமாக மாற்றிப் போடும். புரோகிராம் பருத்துவிடும். புராசசரின் முதல்நிலை கேஷ் பலவற்றில் 32 கிலோபைட்தான்; அதில் அடங்காவிட்டால் வேகம் குறையவும் கூடும். படங்கள், மேட்ரிக்ஸ் கணக்குகள் போன்றவற்றில் -ஓ3 நன்றாகவே பலன் தரும். இன்னொரு ஆப்ஷனான -ஓஃபாஸ்ட், ஃப்ளோட்டிங் பாயின்ட் கணக்கின் விதிகளையே தளர்த்திவிடும். விடையின் துல்லியம் முக்கியம் என்றால் தொடாதீர்கள்.

எனக்குப் பிடித்த விநோதம் 2009இல் நடந்தது. லினக்ஸ் 2.6.30 கர்னலில், விபிஎன்கள் பயன்படுத்தும் ‘டன்’ டிரைவரில், ஒரு பாயின்டர் வழியாக மதிப்பை எடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அது எதையும் சுட்டாத நல் பாயின்டரா என்று சோதித்திருந்தார்கள். நல் பாயின்டர் வழியாக எதையும் எடுக்கக் கூடாது என்பது சி மொழியின் விதி. கம்பைலர் கணக்குப் போட்டது: எடுத்தாகிவிட்டது, எனவே இது நல் ஆக இருக்க முடியாது, சோதனை வீண். இலையில் உட்கார்ந்து இரண்டு கவளம் இறக்கியவனிடம் “சாப்பிட வர்றியா?” என்று என் பாட்டி கேட்கமாட்டார், அதே தர்க்கம்தான். சோதனை வரி மூலக் கோப்பில் இருந்தது, ஓடிய கர்னலில் இல்லை! சாதாரண பயனர் ஒருவர் ரூட் ஆவதற்கு அந்த ஓட்டை வழிவிட்டது. பிறகு வரிகளின் வரிசையை மாற்றினார்கள். இத்தகைய சோதனைகளை நீக்காதே என்று கம்பைலருக்குச் சொல்லும் ஆப்ஷனையும் சேர்த்தார்கள். இதற்கு -ஓ3 தேவைப்படவில்லை, -ஓ2வே போதும்.

“-ஓ0ல ஓடுது சார், -ஓ2ல ஓடல, கம்பைலர்ல தப்பு” என்று சொல்கிறவர்களைப் பார்க்கிறேன். கம்பைலரிலும் பிழைகள் உண்டுதான். ஆனால் பெரும்பாலும் தப்பு நம் புரோகிராமில் முன்பே இருக்கிறது; -ஓ0 அதை மூடி வைத்திருக்கிறது, அவ்வளவே. சில நேரம் அதை வார்னிங்கே காட்டிக்கொடுக்கும். ஆனால் லேப்களில் எர்ரர் இல்லாவிட்டால் போதும், வார்னிங்கை யாரும் படிப்பதில்லை. வார்னிங்கைக் காட்டாதபடி அணைத்துவிட்டு மதிப்பெண் வாங்கும் வித்தையைச் சொல்லித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். இது படிப்பே அல்ல.

எழுதும்போது -ஓஜி, கூடவே வார்னிங்குகளைக் காட்டும் -வால் போடுங்கள். வெளியிட -ஓ2 வையுங்கள். எதையும் குறிப்பிடாவிட்டால் ஜிசிசி -ஓ0வில்தான் கட்டும் என்பதை மறக்காதீர்கள். -ஓ3 வேண்டுமென்றால், உங்கள் புரோகிராமை உங்கள் கணினியிலேயே இரண்டு விதமாகவும் ஓட்டி, நேரத்தை அளந்து எனக்கு எழுதுங்கள்.