கட்டி முடியாத வீட்டுக்குக் காசோலை எழுதுமுன்

புறக்கோட்டையில் ஒரு கொள்கலன் துணி இறக்குகின்ற எமது வியாபாரி மாதிரித் துண்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கடன் கடிதத்தில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் வங்கிக்கு ஓடுவார். அதே மனிதர் தெஹிவளையிலோ வெள்ளவத்தையிலோ தெமட்டகொடையிலோ எழும்பப் போகின்ற தொடர்மாடியில் மூன்று கோடிக்கு வீடு வாங்கும்போது மட்டும், ஒரு வர்ணப் படத்தையும் விற்பனைப் பிரதிநிதியின் பேச்சையும் நம்பி அன்றைக்கே பதிவுப் பணம் கட்டிவிட்டு வருகிறார். "நம்மட ஆக்கள்தானே கட்டுறாங்க" என்று அதற்கு ஒரு காரணமும் சொல்கிறார். நம்மவர் கட்டுவது சந்தோசமான விடயம்தான். ஆனால் காணிப் பதிவகத்தின் ஏடுகளில் 'நம்மவர்' என்று ஒரு நிரல் கிடையாது.

நான் சட்டத்தரணி அல்ல. ஆனால் கடந்த சில வருடங்களில் பல நண்பர்கள் தமது வீட்டுக் கோப்புகளை என் கடை மேசையில் விரித்து வைத்து, "ஹாஜியார், இதக் கொஞ்சம் பாருங்க" என்று கேட்டிருக்கிறார்கள். அவற்றில் கண்டவற்றையும், நொத்தாரிசுகளிடம் கேட்டறிந்தவற்றையுமே இங்கு எழுதுகிறேன்.

முதலில், பதிவுப் பணம் கட்டியவுடன் கையில் கிடைக்கின்ற கடிதம் பற்றி. கம்பனியின் கடிதத்தலைப்பில், முத்திரை குத்தி, அழகாக இருக்கும். ஆனால் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டம் இன்றும் எமது நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. காணியையோ கட்டடத்தையோ விற்பதற்கான உடன்படிக்கை எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசு ஒருவரும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் இருக்கக் கையொப்பமிடப்பட வேண்டும். அப்படி இல்லாவிட்டால் அந்த ஆதனத்தைப் பொறுத்தவரை அதற்குச் சட்டத்தில் வலுவில்லை என்பதே அதன் சாரம். கடிதத்தை வைத்துக்கொண்டு கட்டிய காசைத் திருப்பிக் கேட்கலாம். வீட்டைக் கேட்பது கடினம். ஆகவே பெரிய தொகை கைமாறுவதற்கு முன்னர் நொத்தாரிசு உடன்படிக்கை எழுதப்பட்டு, அது காணிப் பதிவகத்தில் பதியப்பட வேண்டும். ஒரே வீட்டை இருவருக்கு விற்ற கதைகள் நம் காதுக்கும் வந்திருக்கின்றன. அத்தகைய சந்தர்ப்பத்தில் மோசடி எதுவும் இல்லாத பட்சத்தில் யார் முதலில் பதிந்தார் என்பதையே சட்டம் பார்க்கும்.

உடன்படிக்கையை எழுதுவது யார் என்பதும் முக்கியம். பெரும்பாலும் கம்பனியின் சட்டத்தரணியே எழுதுகிறார். கட்டணத்தை நாம் கொடுக்கிறோம், அவர் கம்பனிக்காக எழுதுகிறார்! எமக்கென்று ஒரு சட்டத்தரணியை வைத்து அதை வாசிக்கச் செய்வதற்கு ஆகும் செலவு, பதிவுப் பணத்தோடு ஒப்பிடும்போது ஒன்றுமே இல்லை. அவரிடமே காணியின் முப்பது வருடப் பதிவேடுகளையும் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். காணி கம்பனியின் பெயரில்தான் இருக்கிறதா, அல்லது காணிச் சொந்தக்காரரோடு செய்த பங்கு ஏற்பாடா? வங்கி ஒன்றுக்கு ஈடு வைக்கப்பட்டிருக்கிறதா? ஈடு இருப்பது தவறல்ல. பெரிய கட்டடம் எதுவும் வங்கிக் கடன் இல்லாமல் எழும்புவதில்லை. ஆனால் உங்கள் வீட்டுக்குரிய பணம் முழுவதும் செலுத்தப்பட்டதும் அந்த ஒரு வீட்டை மட்டும் ஈட்டிலிருந்து விடுவித்துத் தருவதாக வங்கியிடமிருந்தே எழுத்தில் பெற வேண்டும். கம்பனி கொடுக்கும் வாக்குறுதி இதற்குப் போதாது.

இனி, எமது சமூகத்தில் மிக அதிகமானோர் இடறி விழுகின்ற இடத்துக்கு வருகிறேன்.

நான்காம் மாடியில் இருக்கும் ஒரு வீட்டுக்குத் தனி உறுதி எழுத வேண்டுமானால், 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க தொடர்மாடி உடைமைச் சட்டத்தின் கீழ் கட்டடத்துக்குக் கொண்டோமினியம் வரைபடம் ஒன்று பதியப்பட வேண்டும். கட்டடம் அங்கீகரிக்கப்பட்ட பிளானின்படி கட்டப்பட்டு, இணக்கச் சான்றிதழ் பெற்று, நில அளவையாளர் ஒவ்வொரு வீட்டையும் பொது இடங்களையும் அளந்து, கொண்டோமினியம் முகாமைத்துவ அதிகாரசபையின் சான்றும் கிடைத்த பின்னரே அது பதிவகத்துக்குப் போகும். ஐந்து மாடிக்கு அனுமதி எடுத்துவிட்டு ஆறாவது மாடியைத் தூக்கிய கட்டடம், வாகனத் தரிப்பிடத்தைக் கடையாக மாற்றிய கட்டடம் எல்லாம் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன. கட்டியவர் விற்று முடித்து அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுவார். வாங்கியவரோ சோலை வரியும் மின்கட்டணமும் கட்டிக்கொண்டு, உறுதி இல்லாமல் வருடக்கணக்கில் குடியிருப்பார். அந்த வீட்டை வங்கிக்கு ஈடு வைக்க முடியாது, நியாயமான விலைக்கு விற்க முடியாது. உறுதி இல்லாத சொத்து வியாபாரிக்குப் பூட்டிய பெட்டகத்தில் கிடக்கும் காசு மாதிரி. சாவி வேறொருவரிடம்!

ஆகவே விலை பேசுவதற்கு முன் அங்கீகரிக்கப்பட்ட பிளானின் பிரதியைக் கேளுங்கள். மாடிகளின் எண்ணிக்கையை அதிலும் நேரிலும் எண்ணிப் பாருங்கள். அதே கம்பனி முன்னர் கட்டிய கட்டடத்துக்கு ஒரு மாலை போய், அங்கு குடியிருப்பவர்களிடம் "உறுதி கிடைத்துவிட்டதா?" என்று கேளுங்கள். டைல்ஸ் நல்லதா, லிப்ட் வேகமாகப் போகிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு கேட்கலாம்.

அடுத்தது பணம் செலுத்தும் முறை. எனக்குத் தெரிந்த ஹார்ட்வெயார் வியாபாரியான சகோதரர் ஒருவர், 2021இல் தன் மகளின் திருமணத்தை நினைத்து ஒரு வீட்டுக்கு ஒப்பந்தம் செய்தார். மாதத்துக்கு ஒன்றாக 24 காசோலைகளைப் பிந்திய திகதியிட்டு மொத்தமாகக் கொடுத்துவிட்டார். 2022 மார்ச்சில் ரூபா மிதக்க விடப்பட்டது. ஒரு டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து ஒரு சில வாரங்களில் 300ஐத் தாண்டியது. சீமெந்து மூடை 3000 ரூபாவை எட்டியது. ஏப்ரலில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. கட்டடம் மூன்றாம் மாடித் தட்டோடு நின்றுவிட்டது. காசோலைகள் மட்டும் மாதாமாதம் வங்கிக்குப் போய்க்கொண்டிருந்தன. அவற்றை நிறுத்தினால் தன் கணக்கின் பெயர் கெட்டுவிடும், சரக்குக் கொடுப்பவர்கள் கடன் தர மாட்டார்கள் என்று பயந்து, கடைச் சரக்கை அடக்க விலைக்குக் குறைவாகத் தள்ளி அவற்றைப் பணமாக்கினார். இரும்புச் சாமான் விலை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு ஹார்ட்வெயார்காரர் சரக்கைத் தள்ளி விற்பது என்றால் என்னவென்று வியாபாரம் தெரிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பணம் மாதத்துக்கு அல்ல, வேலைக்கே கொடுக்கப்பட வேண்டும். அத்திவாரம் முடிந்தால் இவ்வளவு, எமது மாடியின் கொங்கிரீட் தட்டு போட்டால் இவ்வளவு, சுவரும் பூச்சும் முடிந்தால் இவ்வளவு, சாவியோடு இவ்வளவு, உறுதியோடு கடைசிப் பகுதி என்று எழுதிக்கொள்ள வேண்டும். கம்பனி இணங்காவிட்டால், வேறு கம்பனிகளும் கட்டுகின்றன.

மார்க்க ரீதியாகவும் இதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இன்னும் இல்லாத ஒரு பொருளை எப்படி வாங்குவது என்று சிலர் கேட்கிறார்கள். ஹனபி மத்ஹபு அறிஞர்கள் 'இஸ்திஸ்னாஃ' என்ற பெயரில், செய்து தரும்படி சொல்லி வாங்கும் ஒப்பந்தத்தை அனுமதித்திருக்கிறார்கள். நாம் பெரும்பாலும் ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். என்றாலும் 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி இதனை ஏற்றுக்கொண்டு முடிவு வெளியிட்டது. பொருளின் வகை, அளவு, தன்மை தெளிவாக இருக்க வேண்டும். முடித்துத் தரும் காலம் குறிக்கப்பட வேண்டும். விலையைத் தவணையாகக் கொடுக்கலாம். இரு தரப்பும் இணங்கினால், தவிர்க்க முடியாத காரணம் இருந்தாலன்றி, தாமதத்துக்கு நட்டஈட்டு நிபந்தனையும் போடலாம் என்று அது கூறுகிறது.

இப்போது எமது கோப்புகளில் உள்ள உடன்படிக்கைகளைப் பாருங்கள். வாங்குபவர் தவணை பிந்தினால் மாதத்துக்கு இத்தனை வீதம் வட்டி என்று தெளிவாக எழுதியிருக்கும். கட்டுபவர் ஒரு வருடம் பிந்தினால் என்ன என்பது பற்றி ஒரு வரியும் இருக்காது. கடன் பிந்தியதற்கு மேலதிகப் பணம் வாங்குவது வட்டி. வேலை பிந்தியதற்கு நட்டஈடு கேட்பது ஆகுமானது. எமது ஒப்பந்தங்களில் இரண்டும் தலைகீழாக இருக்கின்றன. கட்டுபவரும் முஸ்லிம், வாங்குபவரும் முஸ்லிம், ஜும்ஆவில் ஒரே ஸப்பில் நிற்கிறார்கள். உடன்படிக்கையில் மட்டும் இப்படி!

வங்கி உதவி தேவைப்படுபவர்களுக்கு 2005ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வட்டியற்ற வழியும் திறந்திருக்கிறது. குறைந்து செல்லும் முஷாரகா முறையில் வங்கியும் நீங்களும் பங்காளிகளாகி, வங்கியின் பங்கைச் சிறிது சிறிதாக நீங்கள் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் வங்கி உங்கள் வருமான வரிக் கோப்பையும் கணக்குகளையும் கேட்கும். வரிக் கோப்பில் வருமானத்தைச் சிறிதாகக் காட்டிவிட்டு வங்கியிடம் பெரிதாகக் கேட்க முடியாது.

செலவுக் கணக்கில் பலர் மறந்துவிடுவது முத்திரைத் தீர்வை. முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். மூன்று கோடி உறுதிக்கு 11 இலட்சத்து 99 ஆயிரம் ரூபா வருகிறது. நொத்தாரிசுக் கட்டணம் வேறு. மகளுக்கு என்று நிய்யத் வைத்து வாங்குபவர்கள் உடன்படிக்கையை எழுதும்போதே மகளின் பெயரை யோசித்துவிடுவது நல்லது. தன் பெயரில் உறுதி முடித்து, பிறகு நன்கொடை உறுதி எழுதினால் தீர்வையை மீண்டும் ஒரு தடவை கட்ட வேண்டும்.

சாவி வாங்கும் நாளில் குடும்பத்தோடு போவதற்கு முன்னர், ஒரு மேசன் பாஸையும் அளவு நாடாவையும் கூட்டிக்கொண்டு தனியாக ஒரு தடவை போங்கள். விற்ற சதுர அடியில் பல்கனியும் வெளி நடைபாதையும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று அளந்தால்தான் தெரியும். குளியலறையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றி, அது துவாரத்துக்கு ஓடுகிறதா, வாசலுக்கு ஓடுகிறதா என்று பாருங்கள். மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது, யன்னல் விளிம்புகள் உண்மையைச் சொல்லும். குறைகளை எழுதி, கம்பனியின் பொறியியலாளரிடம் கையொப்பம் வாங்கிய பிறகே சாவிக்குக் கையொப்பமிடுங்கள்.

மேலே சொன்ன சகோதரருக்கு 2024இல் சாவி கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். மகளும் மருமகனும் அங்குதான் இருக்கிறார்கள். உறுதி இன்னும் வரவில்லை. வாகனத் தரிப்பிடத்தில் பிளானுக்கு மாறாக ஏதோ கட்டப்பட்டிருப்பதால் வரைபடம் திருப்பி அனுப்பப்பட்டிருப்பதாக, போன தடவை சந்தித்தபோது சொன்னார்.