காயத்தில் மண்ணை அப்பாதீர்கள்!

மண்வெட்டி காலில் பட்டுவிட்டால், ஒரு பிடி மண்ணையோ சாணத்தையோ அப்பிக்கொண்டு வேலையைத் தொடர்வது நம் உழவர்களில் சிலரின் வழக்கம். அந்த மண்ணிலேயே உயிரைப் பறிக்கும் ரண ஜன்னிக் கிருமி இருக்கக்கூடும்.

கிருமி இருக்குமிடம்

கார்த்திகை தீபத்தையொட்டித் திருவண்ணாமலையில் கூடும் சந்தைக்கு மாடுகளும் குதிரைகளும் வருவதை அறிவீர்கள். இத்தகைய கால்நடைகளின் குடலில் இக்கிருமி வாழ்கிறது. சாணத்தின் வழியே மண்ணில் கலக்கிறது. தடித்த உறை கொண்ட வித்தாக மாறிப் பல ஆண்டுகள் மண்ணில் கிடக்கும். கொதிநீரிலும் சில நிமிடங்களில் சாகாது. இதற்காகத் தொழு உரம் இடுவதை நிறுத்த வேண்டியதில்லை. உடலில் காயம் இருந்தால்தான் ஆபத்து.

தாக்கும் விதம்

இக்கிருமிக்குக் காற்று ஆகாது. ஆகவே முள்ளோ ஆணியோ குத்திய ஆழமான சிறு துளை அதற்கு ஏற்ற இடம். மண்ணை அப்பும்போது கிருமியையும் உள்ளே விட்டு, காற்றையும் நாமே அடைத்துவிடுகிறோம். உள்ளே வித்து முளைத்து நஞ்சைச் சுரக்கிறது. அந்த நஞ்சு நரம்பு வழியே தண்டுவடத்தை அடைந்து, தசைகள் தளரவிடாமல் தடுக்கிறது. முதலில் தாடை இறுகி வாய் திறக்க முடியாது. பிறகு கழுத்தும் முதுகும் விறைத்து உடல் வில்லாக வளையும். தனுர்வாதம் என்ற பெயரும் அதனால் வந்ததே. மூச்சுத் தசைகள் இறுகினால் உயிர் போய்விடும்.

பொதுவாகக் காயம்பட்ட 3 முதல் 21 நாட்களுக்குள் அறிகுறி தோன்றும். அதற்குள் காயமே ஆறியிருக்கலாம்.

யாருக்கு ஆபத்து?

பிரசவத்தில் தாய்க்கும் சிசுவுக்கும் வரும் ரண ஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்டதை உலக சுகாதார நிறுவனம் 2015-ல் உறுதி செய்தது. கர்ப்பிணிகளுக்குப் போட்ட ஊசி இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆனால் கிருமி மண்ணை விட்டுப் போகவில்லை. குழந்தைகளுக்கான விரிவான தடுப்பூசித் திட்டம் நம் நாட்டில் 1978-ல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்த ஆண்கள் முழு அளவு ஊசி போடாமலே இருக்கலாம்.

செய்ய வேண்டியவை

1. காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் நன்கு கழுவவும்.

2. மண், சாணம், சாம்பல், சுண்ணாம்பு எதையும் வைக்கக் கூடாது.

3. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லவும். மண் பட்ட காயமானால், கடைசி ஊசி போட்டு 5 ஆண்டு கடந்தவருக்கு மீண்டும் ஊசி தேவை. ஊசியே போடாதவருக்கு நஞ்சு முறிவு மருந்தும் தேவைப்படும்.

4. தாடை இறுகினால் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குச் செல்லவும்.

5. ஊசியே போடாதவர்கள் காயம் படும்வரை காத்திராமல் முதல் ஊசியும், ஒரு மாதம் கழித்து இரண்டாவதும், அதிலிருந்து 6 மாதம் கழித்து மூன்றாவதும் போட்டுக்கொள்ளலாம். பின்னர் 10 ஆண்டுக்கு ஒருமுறை போதும். நோய் வந்து பிழைத்தவருக்கும் ஊசி அவசியம். இந்நோய் மறுபடியும் வரக்கூடியது.

விதைக்கு முன் விதை நேர்த்தி செய்கிறோம். வயலில் இறங்குபவருக்கு இந்த ஊசியும் அதுபோன்றதே.