கால்நடை மருத்துவக் கல்லூரியில் இளவயதுச் சேர்க்கை (அமெரிக்கா)

அமெரிக்காவில் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு பொதுவாக 4 ஆண்டுகள் கொண்டது. பெரும்பாலானோர் இளநிலைப் பட்டம் பெற்ற பிறகே இதில் சேர்வதால், முதலாண்டு மாணவர் பலருக்கு வயது 22 அல்லது அதற்கு மேல். பள்ளிப் படிப்பு முடிந்ததும் சேரக்கூடிய இந்தியாவிலும் பிரித்தானியாவிலும் 18 வயது இயல்பானது.

சேரும் வழிகள்

அமெரிக்கக் கல்லூரிகள் பல இளநிலைப் பட்டத்தைக் கட்டாயமாக்கவில்லை. உயிரியல், வேதியியல், இயற்பியல் முதலிய முன்தேவைப் பாடங்களை 2 அல்லது 3 ஆண்டுகளில் முடித்தவரும் விண்ணப்பிக்கலாம். மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகம் பள்ளி இறுதியாண்டு மாணவருக்கே நிபந்தனையுடன் முன்கூட்டி இடம் வழங்கும் திட்டத்தை நடத்துகிறது.

நன்மையும் சிக்கலும்

ஓராண்டு குறைந்தால் அந்த ஆண்டின் கட்டணமும் கல்விக் கடனும் குறைகின்றன. ஆனால் மருத்துவமனையிலும் பண்ணையிலும் விலங்குகளுடன் பெற்ற அனுபவமும் தேர்வில் பார்க்கப்படுகிறது. அதைச் சேர்க்க இளையவருக்குக் கிடைக்கும் காலம் குறைவு. பட்டமின்றிச் சேர்ந்தவர் இடையில் விலகினால் கையில் எந்தப் பட்டமும் இல்லாமல் போகலாம். சில பல்கலைக்கழகங்கள் கால்நடை மருத்துவ முதலாண்டுப் பாடங்களை இளநிலைப் பட்டத்திற்கும் கணக்கில் கொள்கின்றன. எனவே இந்த வசதி உண்டா என்பதைச் சேரும் முன்பே உறுதிசெய்வது நல்லது.

சேர்ந்த பிறகு வயதுக்கெனச் சலுகை இல்லை. பாடங்களும் உரிமத் தேர்வும் அனைவருக்கும் ஒன்றே.