பாலத்துக்கும் மூட்டு தேயும்

திருச்சியிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு டவுன் பஸ்ஸில் போய்ப் பழகியவர்களுக்குக் காவிரிப் பாலத்தின் அந்தத் 'தடக்… தடக்' ஞாபகம் இருக்கும். 1976-ல் திறந்த பாலம். 2022-ல் போக்குவரத்தை நிறுத்தி, மாதக்கணக்கில் வேலை பார்த்து, 2023 மார்ச்சில்தான் திரும்பத் திறந்தார்கள். அதுவரை ஊரே சுற்றிக்கொண்டு போனது. தூணெல்லாம் மலை மாதிரி நிற்கிறதே, அப்புறம் எதைத்தான் ரிப்பேர் பார்க்கிறார்கள் என்று கேட்காத ஆள் இல்லை.

நியாயமான கேள்விதான். அங்கே முக்கியமாக மாற்றியது தூணும் இல்லை, தளமும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, சாலையில் போகிற யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கும் பேரிங்குகளையும், இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு கண்ணிலும் தளம் முடிகிற இடத்தில் இருக்கும் எக்ஸ்பேன்ஷன் ஜாயின்ட் என்ற இடைவெளி மூட்டுகளையும்தான்.

கான்கிரீட் பாலம் அசையாமல் கிடப்பதாக நமக்கு ஒரு நினைப்பு. அது நாள் முழுக்க அசைந்துகொண்டிருக்கிறது. ஒரு டிகிரி சூடு ஏறினால் கான்கிரீட் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 12 பங்கு நீளும். கேட்க அற்பமாக இருக்கும். காவிரிப் பாலம் சுமார் அரை கிலோமீட்டர். மார்கழி விடியலுக்கும் சித்திரை மதியத்துக்கும் கான்கிரீட்டின் சூட்டில் 25 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், மொத்தப் பாலமும் 15 சென்டிமீட்டர் நீண்டு சுருங்க வேண்டும். அரைச் சாணுக்கு மேலேயே வரும். அதற்கு வழிவிடாமல் தளத்தைத் தூணோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டால், ஒன்று தளம் வெடிக்கும், இல்லையென்றால் தூணின் தலை பிளக்கும்.

அந்த வழியைத் தருவதுதான் பேரிங். பழைய பாலங்களில் இரும்பு உருளைகள் இருக்கும். இப்போது பரவலாக இருப்பது ரப்பரையும் இரும்புத் தகட்டையும் மாறி மாறி அடுக்கி ஒட்டிய ஒரு கட்டை. பார்க்கத் தடித்த அகராதிப் புத்தகம் மாதிரி இருக்கும். வெறும் ரப்பராக இருந்தால் பாரம் ஏறியதும் நசுங்கிப் பக்கவாட்டில் பிதுங்கிவிடும். தகடுகள் அதைப் பிடித்துவைக்கின்றன. ஆனால், சீட்டுக்கட்டின் மேலே கை வைத்துத் தள்ளினால் கட்டு சாய்கிற மாதிரி, பக்கவாட்டில் சாய்ந்துகொடுக்க மட்டும் விடுகின்றன. தளத்தைத் தாங்கும் கர்டர் நீளும்போது கட்டை ஒரு பக்கம் சாயும், சுருங்கும்போது நிமிரும். பஸ் ஏறினால் லேசாக அமுங்கும். நம் முழங்காலில் குருத்தெலும்பு பார்க்கிற வேலை இது.

குருத்தெலும்பு மாதிரியே தேயவும் தேயும். வெயிலிலும் ஓசோனிலும் ரப்பர் இறுகி, வெடிப்பு விட்டு, கடைசியில் கல்லாகிப்போகும். பாலத்தை நூறு வருஷக் கணக்கில் கட்டினாலும் பேரிங் அத்தனை காலம் தாங்காது. நடுவில் மாற்றித்தான் ஆக வேண்டும். தூணின் தலையில் வரிசையாக ஹைட்ராலிக் ஜாக்கிகளை வைத்து, எல்லாவற்றையும் ஒரே கட்டுப்பாட்டில் இணைத்து, அந்தக் கண்ணின் தளம் முழுவதையும் சில மில்லிமீட்டர் மட்டும் தூக்குவார்கள். பழையதை உருவி எடுத்து, அது உட்காரும் மேடையைச் சரிசெய்து, புதியதை வைத்து இறக்குவார்கள். ஒரு ஜாக்கி முந்தி இன்னொன்று பிந்தினால் தளம் முறுக்கிக்கொண்டு விரிசல் விடும். பழைய பாலங்கள் பலவற்றில் ஜாக்கி வைக்கவே இடம் விட்டிருக்க மாட்டார்கள். கட்டியவர்களுக்கு ரிப்பேர் என்ற யோசனையே வரவில்லை போலிருக்கிறது.

1843-ல் திறந்த திருநெல்வேலி சுலோசன முதலியார் பாலத்துக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. அது கல் வளைவுப் பாலம். கல்லைக் கல் நெருக்கிப் பிடித்து நிற்கிறது, மூட்டே இல்லை. அதற்காக எல்லா இடத்திலும் வளைவு கட்ட முடியுமா என்ன?

தேய்ந்த பேரிங்கைவிட வேகமாகப் பாலத்தைத் தின்பது தேங்கிய தண்ணீர். பாலத்தின் ஓரத்தில் மழைநீர் இறங்கச் சின்னச் சின்னக் குழாய் விட்டிருப்பார்கள். மண்ணும் பாலிதீன் பையும் சேர்ந்து அது அடைத்துக்கொண்டால், தண்ணீர் ஜாயின்ட் வழியாக நேரே பேரிங் மேலும் தூணின் தலை மேலும் இறங்கும். அந்த ஈரத்தில் காக்கை எச்சம் போட்ட விதை முளைக்கும். தூணின் தலையில் ஓர் அரசங்கன்று துளிர்த்திருந்தால் அங்கே பல மாதமாகத் தண்ணீர் நிற்கிறது என்று பொருள். உள்ளே கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும்; மேலே இருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்தே நெம்பித் தள்ளிவிடும். அப்படி விட்டுப்போன இடம் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சந்தையில் பானை வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பதைப் போலத்தான் பொறியாளர்களும் சுத்தியலால் தட்டிப் பார்க்கிறார்கள். 'டங்' என்றால் கெட்டி. 'பொத்' என்றால் உள்ளே கதை முடிந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு கூத்து, தார் போடுவது. பழையதைச் சுரண்டாமல் மேலேயே 5 சென்டிமீட்டர் போட்டால், 30 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள ஒரு கண்ணில் 35 டன் வரை கூடும். நிறைபாரம் ஏற்றிய ஒரு பெரிய லாரியை நிரந்தரமாக அங்கேயே நிறுத்திவைத்த மாதிரி. போதாக்குறைக்குத் தண்ணீர்க் குழாயின் வாயும் மூடிவிடும். பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு அரசு உத்தரவிட்டதில், வீட்டு வாசல்கள் பள்ளமாவதைத் தடுப்பதுதான் பெரிதாகப் பேசப்பட்டது. பாலங்களுக்கும் அது நல்ல உத்தரவு.

ஸ்ரீரங்கத்தைக் கடந்து வடக்கே போனால் கொள்ளிடம். அங்கே 1928-ல் கட்டிய பழைய இரும்புப் பாலம் இருந்தது. பக்கத்தில் புதுப் பாலம் வந்ததும் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் உள்வாங்க, பாலத்தின் ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. வண்டி ஓடாத பாலத்துக்குப் பாரம் எங்கிருந்து வந்தது? கோளாறு மேலே இல்லை, அடியில். கடற்கரையில் அலை திரும்பும்போது குதிகாலைச் சுற்றி மணல் நழுவுமே, அதேதான். வெள்ளம் தூணில் மோதிக் கீழ்நோக்கிப் பாய்ந்து, சுழன்று, அடியில் குழி பறிக்கிறது. வெள்ளம் வடியும்போது அந்தக் குழியில் புது மணல் வந்து நிரம்பி மூடிவிடுவதால், கோடையில் வந்து பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். ஆனால் அந்த மணலில் பிடிப்பு இருக்காது. ஆற்றில் மணல் அள்ளி அள்ளிப் படுகையே தாழ்ந்துபோன இடங்களில் கேட்கவே வேண்டாம்.

புதுப் பாலம் என்றால் தப்பிக்கும் என்றும் இல்லை. திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டில் தென்பெண்ணை மேல் கட்டிய பாலம், திறந்த மூன்றே மாதத்தில், 2024 டிசம்பர் வெள்ளத்தில் போய்விட்டது.

ஆற்றுப் பாலங்களின் தூண்கள் பெரும்பாலும் மணலுக்குள் ஆழமாக இறக்கிய கிணறுகளின் மேல்தான் நிற்கின்றன. கிணறு என்றால் தண்ணீர் இறைக்கிற கிணறு இல்லை. உறை இறக்கி உள்ளே நிரப்பிய அஸ்திவாரம். அடுத்த முறை வறண்ட ஆற்றைக் கடக்கும்போது தூணின் அடியை எட்டிப் பாருங்கள். தூணைவிடப் பருமனாக, வட்டமாக ஓர் உருளை மணலுக்கு மேலே தெரிந்தால், அதுதான் அந்தக் கிணற்றின் தலை. போன வருஷத்தைவிட இந்த வருஷம் அது எவ்வளவு உயர்ந்து தெரிகிறது என்பதைத்தான் ஆய்வுக்கு வருகிறவர் டேப் பிடித்து அளந்து குறித்துக்கொண்டு போக வேண்டும்.