மணலி வாடை வால்நட்சத்திரத்திலும் அடிக்குமா?

மணலியில் காற்று திசை மாறும் சில இரவுகளில், "என்ன இது, முட்டை அழுகின மாதிரி நாத்தம்?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். ஹைட்ரஜன் சல்பைடு வாயுவின் வாடை அப்படித்தான் இருக்கும். கச்சா எண்ணெயிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கும்போது உருவாகும் வாயு இது. உரத் தயாரிப்பில் புழங்கும் அம்மோனியாவும் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல.

இதே இரண்டு வாயுக்களையும் 2014-ல் ஐரோப்பாவின் ரொசெட்டா விண்கலம் 67பி என்ற வால்நட்சத்திரத்தில் கண்டறிந்தது. அங்கே ஆலை ஏது?

எப்படி உருவாகின?

சுமார் 460 கோடி ஆண்டுகளுக்கு முன், பிறந்துகொண்டிருந்த சூரியனைச் சுற்றி வாயுவும் தூசியும் தட்டு போலச் சுழன்றன. தூசித் துகள்கள் ஒட்டி ஒட்டிக் கூழாங்கல் அளவுக்கு வளர்ந்தன. அவை கூட்டமாகத் திரண்டு, சொந்த ஈர்ப்பால் கிலோமீட்டர் கணக்கில் பெரிதாயின. சூரியனுக்கு அருகே வெப்பம் அதிகம் என்பதால் கல்லும் உலோகமுமே மிஞ்சின. தொலைவில் தண்ணீரும் அம்மோனியாவும் பனியாக உறைந்தன.

பெரும்பாலானவை கோள்களோடு சேர்ந்துவிட்டன. சேராத மிச்சம்தான் சிறுகோள்களும் வால்நட்சத்திரங்களும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே இருந்தவற்றை வியாழனின் ஈர்ப்பு ஒன்றுசேர விடவில்லை. பனி நிறைந்தவற்றில் பலவற்றைப் பெரிய கோள்கள் வெளியே தள்ளின. அவை இன்றும் ஃப்ரீசரில் வைத்த மாதிரி கிடக்கின்றன. எப்போதாவது ஒன்று சூரியன் பக்கம் வந்தால், பனி ஆவியாகி வால் முளைக்கிறது.

சென்னை கண்டுபிடித்த சிறுகோள்

நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில், நார்மன் போக்சன் 1861 ஏப்ரல் 17-ல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு 'ஆசியா' என்றே பெயர். 1866-ல் இங்கிருந்தே அவர் கண்ட 'சில்வியா'வுக்கு இரண்டு நிலாக்கள் உண்டு என்பது இந்த நூற்றாண்டில்தான் தெரியவந்தது. மோதலில் நொறுங்கி, மறுபடி குவிந்த கற்குவியலாக அது இருக்கலாம் என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு.

நமக்கு இதில் என்ன?

பென்னு சிறுகோளிலிருந்து நாசா 2023-ல் கொண்டுவந்த மண்ணில் அம்மோனியாவும் 14 வகைப் புரத அமினோ அமிலங்களும் இருப்பதாக 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. உயிருக்கான மூலப்பொருள்களில் ஒரு பகுதி இப்படியும் பூமிக்கு வந்திருக்கலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம்: வால்நட்சத்திரத்தின் வாயு நம்மை எட்டாது, ஊரில் கசிவது எட்டும். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும். "வாடை நின்னுடுச்சு, பரவாயில்ல" என்று அங்கேயே நிற்காமல், உடனே விலகிவிடுவதே பாதுகாப்பு.