ஏ.ஸி.யின் மௌன விரதம்

அக்கினி நட்சத்திரம் உச்சத்தில் இருந்த ஒரு ராத்திரி. மணி பத்தரை. சென்னையில் எங்கள் எதிர் வீட்டில் ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர் இருக்கிறார். அவருடைய மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பேரப் பிள்ளை பிறந்து 20 நாள். கழுத்து மடிப்பெல்லாம் வேர்க்குரு. தொட்டிலில் போட்டால் அழுகை. தூக்கினால் அதைவிடப் பெரிய அழுகை. தாசில்தார் ஏ.ஸி.யின் ரிமோட்டை எடுத்து அமுக்கினார். ஏ.ஸி. வாய் திறக்கவில்லை. ரிமோட்டை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டி மறுபடியும் அமுக்கினார். ஊஹூம்!

"மின்விசிறி சுற்றுகிறது. விளக்கு எரிகிறது. கரண்ட் இருக்கிறது. ஆகவே மிஷின்தான் போய் விட்டது" என்று தீர்ப்புச் சொன்னார். உத்தியோகத்தில் இருந்த காலத்திலேயே தீர்ப்புச் சொல்வதில் அவர் வெகு வேகம். மெக்கானிக்குக்கு டெலிபோன் செய்தார். "காலை பத்து மணிக்கு வருகிறேன், சார்" என்று பதில் வந்தது.

தாசில்தாரைக் கையில் ரிமோட்டுடன் அப்படியே சற்று நிற்க வைத்து விட்டு, உங்களிடம் நாலு வார்த்தை பேச வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒரு ராத்திரி இது நடக்கக் கூடியதுதானே?

பத்திரிகைக்காரனுக்கு ஏ.ஸி.யைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டு விடாதீர்கள். அந்த இயந்திரம் பிறந்ததே அச்சாபீஸில்தான்! 1902-ம் வருஷம், அமெரிக்காவில் புரூக்ளின் பகுதி அச்சகம் ஒன்றில், கோடை காலத்து ஈரக் காற்றினால் காகிதம் விரிவதும் சுருங்குவதுமாக இருந்தது. ஒரு வர்ணத்தின் மேல் அடுத்த வர்ணம் சரியாக விழாமல் படங்களெல்லாம் பாழாயின. வில்லிஸ் காரியர் என்ற 25 வயது இஞ்சினீயர் அந்தக் காற்றின் ஈரத்தை அடக்குவதற்குச் செய்த ஏற்பாடுதான் இன்று நம் படுக்கை அறையில் தொங்குகிறது. அந்த உறவின் உரிமையில் பேசுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். காற்று வருகிறது, குளிர்ச்சி மட்டும் இல்லை என்றால் அது ஒரு வியாதி. விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை, அடியோடு மௌனம் என்றால் அது வேறு வியாதி. காஸ் குறைந்தால் முதல் வியாதி வரும், இரண்டாவது வராது. எனவே, உயிரே இல்லாமல் கிடக்கும் ஏ.ஸி.யைப் பார்த்து, "காஸ் போய் விட்டது, அம்மா, அடைத்து விடலாம்" என்று யாராவது சொன்னால், காபி கொடுத்து வழி அனுப்பி விடுங்கள்.

ரிமோட்டைச் சந்தேகிப்பதில் தவறில்லை. ஆனால் தட்டிப் பயனில்லை. அதன் நுனியைச் செல்போன் காமிராவுக்கு நேரே பிடித்து ஒரு பொத்தானை அமுக்குங்கள். நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி பல காமிராக்களில் வெளுப்பாகவோ ஊதாவாகவோ மினுக்கும். மினுக்காவிட்டால் பாட்டரியை மாற்றிப் பாருங்கள். மாற்றுப் பாட்டரி இல்லையா? ஏ.ஸி.யின் முன் மூடியைத் தூக்கினால், பெரும்பாலானவற்றில் ஓரமாக ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் ரிமோட் இல்லாமலே ஓடும். அதற்கும் அசையவில்லையென்றால் ரிமோட் நிரபராதி.

கரண்ட் போய் வந்த உடனே ஏ.ஸி. குளிராவிட்டால் பதற வேண்டாம். வெளியே இருக்கும் கம்ப்ரஸர் மூச்சு வாங்கிக் கொள்ள மூன்று நிமிஷம் போல எடுத்துக் கொள்ளும். உள்ளே இருக்கும் அழுத்தம் சமமாகாமல் அதைக் கிளப்பினால் அதற்கு ஆபத்து.

இப்போது தாசில்தாரின் தீர்ப்புக்கு வருவோம். மின்விசிறி சுற்றுகிறது; ஆகவே கரண்ட் இருக்கிறது! இதை நம்பித்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். தெருவில் கரண்ட் போயிருக்கும். வீட்டு இன்வர்ட்டர் கண் இமைக்கும் நேரத்தில் விளக்கையும் விசிறியையும் ஏற்றுக் கொண்டிருக்கும். பெரும்பாலான வீடுகளில் ஏ.ஸி.யை அதனுடன் இணைப்பதில்லை. ஒன்றரை டன் ஏ.ஸி. கேட்கிற மின்சாரத்துக்கு அந்தப் பாட்டரி எம்மாத்திரம்? "இன்வர்ட்டர் ஏ.ஸி. என்று சொல்லித்தானே விற்றான்?" என்று என் மைத்துனர் ஒரு தடவை சண்டைக்கே போய் விட்டார். பாவம், கம்ப்ரஸரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாட்டுக்கு அந்தப் பெயர். அதற்கும் இந்தப் பாட்டரிக்கும் சம்பந்தம் கிடையாது.

மூன்று பேஸ் உள்ள வீடானால் இன்னொரு வேடிக்கை. ஒரு பேஸ் மட்டும் போய் விடும். ஹாலில் விளக்கு ஜகஜ்ஜோதியாக எரியும், ஏ.ஸி. மட்டும் செத்துக் கிடக்கும். மீட்டர்ப் பலகையில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று சிறு விளக்குகள் இருந்தால், எது அணைந்திருக்கிறது என்று பாருங்கள். பேஸ் மாற்றும் ஸ்விட்சு இருக்கிறதே என்று தெருவிலுள்ள எல்லாரும் ஒரே பேஸுக்குத் தாவினால் அதுவும் படுத்து விடும், ஆகையால் ஏ.ஸி.யை அதில் ஏற்றாமல் இருப்பதே நல்லது. ஸ்டெபிலைசர் வைத்திருப்பவர்கள் அதன் எண்களையும் பார்க்க வேண்டும். 230-ஐ ஒட்டி இருக்க வேண்டிய வோல்ட்டேஜ் ராத்திரி நேரத்தில் வெகுவாக இறங்கினால், அது தானே கதவைச் சாத்திக் கொள்ளும். அது கெட்டுப் போனதாக அர்த்தமில்லை. வேலை பார்க்கிறது என்று அர்த்தம்.

கடைசியாக எம்.ஸி.பி. ஏ.ஸி.க்கென்று தனியாக ஒன்று பலகையில் இருக்கும். அது விழுந்திருந்தால், முழுவதும் கீழே தள்ளி, பிறகு மேலே தூக்க வேண்டும். ஒரு தடவை தூக்கலாம். மறுபடியும் விழுந்தால் கையை எடுத்து விடுங்கள். அது வீணாக விழுவதில்லை.

தாசில்தாருக்கு இதைச் சொல்ல அப்போது யாரும் இல்லை. அவர் வீட்டு எம்.ஸி.பி. விழுந்திருந்தது. தூக்கினார். படுக்கை அறையில் 'டப்' என்று ஒரு சத்தம், விழுந்தது. பிடிவாதத்துடன் மறுபடி தூக்கினார். மறுபடி 'டப்'. நாலாவது தடவை, "அப்பா! என்னமோ கருகுகிற வாடை வருகிறது!" என்று மகள் கூவிய சத்தம் எங்கள் வீட்டு மாடி வரைக்கும் கேட்டது.

ஓடினோம். முதல் காரியமாக மெயினையே அணைத்தோம். டார்ச் வெளிச்சத்தில் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தால், அதன் பின்னால் ஏ.ஸி.யின் பிளக் பழுப்பேறி உருகிப் போயிருந்தது. முள் சாக்கெட்டில் இறுக்கமாக உட்காராமல், எத்தனை நாளாகவோ சூடேறி, ஒயரின் மேலுறை இளகி, ஒன்றோடொன்று தொட்டிருக்கிறது. ஒவ்வொரு தடவை எம்.ஸி.பி.யைத் தூக்கியபோதும் அங்கே ஒரு பொறி பறந்திருக்கிறது. திரையின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கருக்கல். தொட்டில் அங்கிருந்து மூன்று முழ தூரத்தில் இருந்தது. தாசில்தார் ஒன்றும் பேசாமல் கட்டிலில் உட்கார்ந்து விட்டார்.

ஏ.ஸி.யின் எம்.ஸி.பி.யைக் கீழேயே விட்டு விட்டு மெயினைப் போட்டோம். தொட்டிலை ஹாலுக்கு மாற்றி, எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, குழந்தையின் உடம்பை ஈரத் துணியால் ஒற்றி எடுத்தார் பாட்டி. ஈரத் துணியை ஜன்னலில் தொங்க விடலாமே என்று நான் யோசனை சொன்னேன். "சென்னைக் காற்றில் இருக்கிற ஈரம் போதாதா?" என்று கேட்டு விட்டார். நியாயம்தான்.

மொட்டை மாடியில் இருக்கும் வெளிப் பெட்டியைத் திறந்து பார்க்கலாம் என்று மாப்பிள்ளை புறப்பட்டார், பிடித்து நிறுத்தினோம். அதிலுள்ள கபாஸிடர் என்ற சமாசாரம், கரண்டை அணைத்த பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். தொட்டால் தூக்கி எறியும். பல்லி புகுந்ததோ, எறும்பு கூடு கட்டியதோ, பலகை எரிந்ததோ, எதுவானாலும் அந்தப் பெட்டி மெக்கானிக்கின் ராஜ்யம்.

மறு நாள் பத்து மணிக்கு வந்த மெக்கானிக், ஏ.ஸி.யைத் திறக்கவே இல்லை. பிளக்கைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், தாசில்தாரைப் பார்த்தார். எலெக்ட்ரீஷியனை வரச் சொன்னார். புது ஒயர், புது சாக்கெட், புது பிளக். திரையைக் கழற்றி எறிந்தாயிற்று. பகல் ஒரு மணிக்கு ஏ.ஸி. 'பீப்' என்று மௌனம் கலைத்தது.

ஹாலில் சமர்த்தாகத் தூங்கிக் கொண்டிருந்த பேரப் பிள்ளையைக் குளிர்ந்த அறைக்குத் தூக்கிக் கொண்டு போனார்கள். உடனே விழித்துக் கொண்டு, வீடு இரண்டு படும்படி அழ ஆரம்பித்தான்.