ஊவாச் சரிவுகளில் கொங்கிறீற்று முளைகளின் தாங்குதிறன்

அத்திவாரம் என்றதும் மலைநாட்டவர் மனத்தில் தோன்றுவது கருங்கல் அடுக்கே. தோட்ட லயங்களும் பழைய பங்களாக்களும் அவ்வாறே எழுந்தன. தொழிலிடத்தில் ‘பைல்’ என வழங்கும் கொங்கிறீற்று முளைகளை நிலத்துள் அடித்து இறக்கி, அவற்றின்மேல் கட்டடம் எழுப்பும் முறை கொழும்பை அண்டிய சதுப்பு நிலங்களுக்கே உரியதென எண்ணுவோர் பலர். எனினும் பதுளை, பண்டாரவளை ஆகிய நகரங்களில் மாடிக் கட்டடங்கள் எழும்போது, அடித்து இறக்கிய முளையொன்று எவ்வளவு சுமையைத் தாங்கும் என்ற வினா இங்கும் எழுகின்றது. அதற்கு விடைகாணும் வழிகளுள் மிக எளிதானதே ஊவாவில் எம்மை மிக எளிதில் ஏமாற்றவும் கூடியது.

சம்மட்டியின் நிறை, அது விழும் உயரம், ஓரடிக்கு முளை இறங்கும் அளவு ஆகியவற்றை அறிந்தால், சம்மட்டி தரும் சக்தியை அவ்விறக்கத்தால் வகுத்து நிலத்தின் தடையைப் பெறலாம் என்பதே அவ்வழி. 40 கிலோநியூற்றன் நிறையுள்ள சம்மட்டி 75 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விழ, முளை 5 மில்லிமீற்றர் இறங்குகின்றதெனக் கொள்வோம். சக்தி 30 கிலோயூல். இழப்பு எதுவும் இல்லையெனின் தடை 6,000 கிலோநியூற்றன் ஆகும். ஆனால் மோதலில் அரைப்பங்கு சக்தி வீணாவது அரிதன்று. அத்துடன் தலைமெத்தையும் முளையும் மண்ணும் சற்று நெருங்கி மீள்கின்றன. இம்மீளும் நெருக்கத்தை 15 மில்லிமீற்றர் எனக் கொள்ளலாம். இவ்விழப்புகளைக் கருதும் ஹைலியின் சூத்திரத்தில் மீள்நெருக்கத்தின் பாதி இறக்கத்துடன் கூட்டப்படும். அப்போது 15 கிலோயூலை 12.5 மில்லிமீற்றரால் வகுக்கத் தடை 1,200 கிலோநியூற்றன் எனக் குறைகின்றது. காப்புக் காரணி 2.5 எனின், வேலைச் சுமை 480 கிலோநியூற்றன், அதாவது ஏறத்தாழ 49 தொன். அமெரிக்கரான வெலிங்ரன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மரமுளைகளுக்கென ஆக்கிய சூத்திரம் காப்புக் காரணியை 6 எனக் கொண்டது. தம் சூத்திரத்தின்மீது ஆக்கியோனுக்கே இருந்த ஐயத்தை அவ்வெண் காட்டுகின்றது போலும்.

சம்மட்டிக்குத் தெரியாதவை சில உள. ஊவாவின் உருமாறிய பாறைகள் அழிந்து மண்ணாகும்போது, அழியாத உருண்டைக் கற்கள் அம்மண்ணினுள்ளே எஞ்சுகின்றன. மேற்சரிவிலிருந்து வழுவி வந்து படிந்த மண்ணிலும் பெருங்கற்கள் கலந்துள்ளன. முளையின் நுனி அத்தகைய கல்லொன்றில் முட்டினால் இறக்கம் நின்றுவிடும். சூத்திரம் பெருந்தாங்குதிறனைக் காட்டும். அடிப்பாறையை அடைந்தோம் என மேற்பார்வையாளர் மகிழக்கூடும். ஆனால் அக்கல்லின் கீழே மென்மண் இருக்கலாம்.

ஆகவே துளையிட்டு மண்ணை அறிந்து கணிப்பதே இரண்டாவது வழி. முளையின் தாங்குதிறன் பக்க உராய்வும் நுனித் தாங்கலும் சேர்ந்த கூட்டாகும். 30 சென்ரிமீற்றர் சதுரமும் 10 மீற்றர் நீளமும் கொண்ட முளைக்குப் பக்கப் பரப்பு 12 சதுர மீற்றர். நியமப் புகுத்தற் சோதனையில் 20 அடிகள் பதிவாகும் மணல்கலந்த வண்டல் மண்ணுக்கு, மேயர்ஹோவ் தந்த தொடர்புகளின்படி, பக்க உராய்வைச் சதுர மீற்றருக்கு 40 கிலோநியூற்றன் எனவும் நுனித் தாங்கலை 6,000 எனவும் கொள்ளலாம். பக்கத்தில் 480, நுனியில் 540, மொத்தம் 1,020 கிலோநியூற்றன். வேலைச் சுமை ஏறத்தாழ 410. முன்னைய விடையுடன் இது பெரிதும் முரண்படவில்லை.

முரண்பாட்டை உண்டாக்குவது நீர். வரட்சிக் காலத்தில் மண்துணிக்கைகளிடையே உள்ள ஈரம் அவற்றை இழுத்துப் பிடிப்பதால் மண் வலிமை மிக்கதாய்த் தோன்றும். ஊவாவில் ஒக்ரோபர் முதல் சனவரி வரை பெய்யும் மழை அப்பிடிப்பை நீக்கி நுண்டுளை நீரமுக்கத்தை உயர்த்துகின்றது. ஓகஸ்ரில் எண்ணிய அடிகள் ஓகஸ்ரின் மண்ணையே அளந்தவை. இதன் கொடிய எல்லையை 2014 ஒக்ரோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் கண்டோம். கனமழையின் பின் சரிவே பெயர்ந்து லயங்களைப் புதைத்தது. அவ்விடத்து மக்களை அகற்ற வேண்டுமெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அங்கு முளை அத்திவாரம் இருந்திருப்பின் பயன் விளைந்திருக்குமா? நிலைக்குத்தாக 400 கிலோநியூற்றன் தாங்கும் மெல்லிய முளை, பக்கவாட்டில் அதன் ஒரு சிறு பங்கையே தாங்கும். வழுக்குத் தளம் நுனிக்குக் கீழே அமையுமாயின் முளையும் மண்ணோடு செல்லும்.

நீர் மிகுதல் போன்று நீர் அகல்வதும் தீங்கே. அதே 2014இன் இறுதியில் உமா ஓயாத் திட்டச் சுரங்கத்துள் நீர் பெருகத் தொடங்கிய பின், பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. நிலநீர் மட்டம் 1 மீற்றர் தாழ்ந்தால், அதற்குக் கீழுள்ள மண்ணின் துணிக்கைகள் தாங்க வேண்டிய தகைப்பு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 10 கிலோநியூற்றனால் கூடும். மண் நெருங்கி இறங்கும். முளை உறுதியான அடியில் நிற்க, சுற்றியுள்ள மண் மட்டும் இறங்குமாயின், தாங்க வேண்டிய உராய்வே கீழ்நோக்கி இழுக்கும் சுமையாக மாறும். சரிவை வெட்டி அம்மண்ணையே முன்புறம் நிரப்பி அமைக்கும் வீட்டுத் தளங்களிலும் இதுவே நேரும். 3 மீற்றர் நிரப்பு மண், சதுர மீற்றருக்கு 20 கிலோநியூற்றன் உராய்வுடன், மேற்கூறிய முளையை 72 கிலோநியூற்றனால் இழுக்கும். அத்துடன் அவ்வாழத்தில் முன்பு கணக்கிட்ட தாங்கலும் இல்லாது போம்.

வேலைச் சுமையின் ஒன்றரை மடங்கை முளைமேல் ஏற்றி இறக்கத்தை அளக்கும் சுமைச் சோதனை மூன்றாவது வழி. நம்பத்தக்கது, செலவு மிக்கது. ஆயினும் சில நாள்களில் முடியும் இச்சோதனையில் நிரப்பு மண்ணின் இழுப்பு வெளிப்படாது. அப்போது அம்மண்ணும் தாங்குவதாகவே தோன்றும்.

எனவே ஊவாவில் முளை அடிக்க எண்ணுவோர் துளைகளைப் பாறையுள் சில மீற்றர் வரை செலுத்தி, அது கல்லன்று, அடிப்பாறையே என உறுதிசெய்ய வேண்டும். அடித்த முளைகளுட் சிலவற்றைச் சில நாள் கழித்து மீண்டும் அடித்துப் பார்த்தல் நன்று. பெருங்கற்கள் மலிந்த இடத்தில் துளையிட்டுப் பாறையுட் பதித்து வார்க்கும் முளையே பொருத்தமானது. தோட்டங்களில் அமையும் ஒருமாடி வீட்டுக்கோ பெரும்பாலும் முளை வேண்டியதில்லை. அதன் சுமை சிறிது. அச்செலவைச் சரிவின் உறுதியை ஆராய்வதிலும், மேற்புறத்தில் நீர்வடிகால் வெட்டுவதிலும், வேண்டுமாயின் வேறிடம் தேர்வதிலும் இடுவதே தக்கது.